20000 எம்ஏஎச் பவர் பேங்க் 5000 எம்ஏஎச் போனுக்கு ஏன் நாலு தடவை சார்ஜ் தருவதில்லை?

கேட்டவர் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்துக்காரர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். மழைக்காலத்துக்கு என்று 20000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வாங்கியிருக்கிறார். போனில் இருப்பது 5000 எம்ஏஎச் பேட்டரி. நாலு தடவை ஏறவேண்டியது, மூன்றாவது தடவை முழுதாக ஏறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? தங்கையின் இயர்பட்ஸை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் தானாக அணைந்துபோகிறது, ஏன்? புயல் அடித்து சில நாள் கரண்ட் இல்லாமல் போனால் இது ஒன்று போதுமா, அல்லது ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 50000 எம்ஏஎச் வாங்கிவிடலாமா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் விமானத்தில் ஒன்று கொண்டுவரலாமா?

முதலில் கடைக்காரர் விஷயம். அவர் உங்களை ஏமாற்றவில்லை. கிட்டத்தட்ட மூன்று தடவை ஏறுகிறது என்றால் உங்களிடம் இருப்பது உண்மையான, நல்ல பவர் பேங்க். தவறு அட்டைப்பெட்டியில் அச்சிடும் பழக்கத்தில்தான் இருக்கிறது. எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர்) என்பதை ஆற்றலின் அளவு என்று எல்லோரும் நினைக்கும்படி விளம்பரம் செய்கிறார்கள். அது ஆற்றலின் அளவு அல்ல. மேல்நிலைத் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது அது. மின்சாரத்தில் அந்த உயரம்தான் வோல்ட். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-அவர். அதுதான் உண்மையான கணக்கு.

உங்கள் பவர் பேங்கையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவை லித்தியம் அயான் செல்கள். இவற்றின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறியிருக்கும்போது 4.2, காலியாகும்போது 3 வோல்ட் அளவு. 20000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது இந்த 3.7 வோல்டில் போட்ட கணக்கு. 20000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-அவர்; அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர். உங்கள் பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த 74 இருக்கும், பாருங்கள்.

ஆனால் யுஎஸ்பி வழியாக வெளியே வருவது 3.7 வோல்ட் அல்ல, குறைந்தது 5 வோல்ட். அதற்காக உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கிறது. 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14800 எம்ஏஎச்தான் வரும். அந்தச் சர்க்யூட் சும்மா வேலை செய்யாது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சூடாகப் போய்விடும். மிஞ்சுவது 63 வாட்-அவர் அளவு. ஒழுங்கான நிறுவனங்கள் இதையும் அச்சிடுகின்றன. 'ரேட்டட் கெபாசிட்டி' என்று போட்டு 12000 எம்ஏஎச், 5 வோல்ட் என்பது போல ஒரு வரி இருக்கும். பெட்டியின் முன்பக்கம் 20000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போது இந்த வரியை யாரும் படிப்பதில்லை. வாங்கும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். அது இல்லாத பவர் பேங்கை நான் வாங்கமாட்டேன்.

இப்போது போன் பக்கம். அந்த 5000 எம்ஏஎச் பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 3.87 வோல்ட். அப்படியென்றால் 19 வாட்-அவருக்குச் சற்று மேல். போனுக்குள்ளும் ஒரு சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது, அதுவும் கொஞ்சம் சூடாகும், கேபிளிலும் கொஞ்சம் போகும். எனவே காலியான போனை நூறுக்குக் கொண்டுவர 22 வாட்-அவர் அளவு தேவை. 63-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். நீங்கள் கண்டதும் அதுதான். சார்ஜ் ஏறும்போதே வீடியோ பார்த்தால், ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால், இன்னும் குறையும்.

இந்த வாட்-அவர் கணக்கு கைக்கு வந்துவிட்டால் எந்தக் கருவிக்கும் பதில் சொல்லிவிடலாம். ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் ஓஎல்இடி மாடலில் 50 வாட்-அவர் பேட்டரி இருக்கிறது. உங்கள் பவர் பேங்க் அதை ஒரு தடவை நிரப்பும், அதற்கு மேல் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். மறுபக்கம், 1000 எம்ஏஎச் பேட்டரி உள்ள பட்டன் போனுக்கு 3.7 வாட்-அவர் போதும். அதைப் பதினைந்து தடவைக்கு மேல் நிரப்பலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வைத்த பவர் பேங்குகளும் இப்போது வருகின்றன. அவற்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட்தான் என்பதால் 10000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 32 வாட்-அவர்; சாதாரணமானதில் அதே எண்ணுக்கு 37. ஆனால் அவை எளிதில் தீப்பிடிக்காதவை, பல மடங்கு நாள் உழைப்பவை, எடை மட்டும் கூடுதல். வீட்டிலேயே வைத்திருக்கப் போகிறவருக்கு அது நல்ல தேர்வு.

அடுத்து அந்த 50000. தயவுசெய்து வாங்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 50000 எம்ஏஎச் என்றால் 185 வாட்-அவர். 18650 என்று அழைக்கப்படும் உருளை செல் ஒன்று இருக்கிறது. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அந்த அளவில் கிடைப்பவற்றில் மிக நல்ல செல்லே 3500 எம்ஏஎச்தான் தரும், எடை 48 கிராம் பக்கம். 185 வாட்-அவருக்கு அப்படிப்பட்ட செல் பதினைந்து வேண்டும். செல்லின் எடையே முக்கால் கிலோவை நெருங்கும். வெளிக்கூடும் சர்க்யூட்டும் சேர்த்தால் ஒரு கிலோ பக்கம் வரும். பதினைந்து நல்ல செல்லின் விலை மட்டுமே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். சட்டைப்பையில் அடங்கும் பெட்டியில், முந்நூறு கிராம் எடையில், 50000 எம்ஏஎச் இருக்கவே முடியாது. உண்மையான 10000 எம்ஏஎச் சுமார் 200 கிராமும், 20000 எம்ஏஎச் 350 முதல் 450 கிராமும் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம்.

ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டும் பொருள் உண்மை என்று முடிவுகட்ட வேண்டாம். போலிகளைத் திறந்தால் ஒரே ஒரு நல்ல செல்லும், பக்கத்தில் மணலோ சிமெண்டோ நிரப்பிய வெற்றுக் கூடுகளும் இருப்பதுண்டு. எடை குறைவு என்றால் போலி என்பது உறுதி. எடை சரி என்றால் இன்னும் சோதிக்கவேண்டும். அதற்கு யுஎஸ்பி மீட்டர் என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. பவர் பேங்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வாட்-அவர் வெளியே போனது என்று காட்டும். முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தங்கையின் இயர்பட்ஸ் விஷயத்தில் இரண்டு பொருளிலும் பழுதில்லை. பவர் பேங்குக்குள் இருக்கும் சர்க்யூட், மாட்டியிருக்கும் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அது 50, 100 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால் 'வேலை முடிந்தது, யாரும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். வீணாகச் சார்ஜ் இறங்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. இயர்பட்ஸ் பெட்டி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவியின் சார்ஜர் எல்லாம் இழுப்பதே அவ்வளவு சின்ன அளவுதான். அதிலும் நிரம்ப நிரம்ப இன்னும் குறையும். பல பவர் பேங்குகளில் இதற்கென்றே குறைந்த மின்னோட்டத்துக்கான முறை இருக்கிறது. பட்டனை இரண்டு தடவை அடுத்தடுத்துத் தட்டினாலோ, சில மாடல்களில் அழுத்திப் பிடித்தாலோ அது இயங்கும். விளக்கு நிறம் மாறிக் காட்டும். எப்படி இயக்குவது என்பது கூடவே வந்த காகிதத்தில் இருக்கும். அந்த முறையே இல்லாத மாடல் என்றால், இன்னொரு போர்ட்டில் ஒரு போனையும் சேர்த்து மாட்டுங்கள். போன் இழுத்துக்கொண்டிருக்கும் வரை பவர் பேங்க் விழித்திருக்கும், இயர்பட்ஸும் நிரம்பிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் நல்ல பொருளைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டார்ச், எஃப்எம் ரேடியோ, டிரிம்மர், கழுத்தில் மாட்டும் ஃபேன் போன்றவற்றில் யுஎஸ்பி-சி துளை இருக்கும். அவற்றில் சிலவற்றை இரண்டு முனையும் சி-யாக இருக்கும் கேபிளில் மாட்டினால் சார்ஜே ஏறாது. பழைய, ஒரு முனை அகலமான யுஎஸ்பி-ஏ கேபிளில் மாட்டினால் ஏறும். காரணம் என்னவென்றால், சி-க்கு-சி இணைப்பில் 'நான் மின்சாரம் வாங்கும் கருவி' என்று கருவி முதலில் அடையாளம் காட்டவேண்டும். அதற்கு 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டு போதும். விலை பைசாக் கணக்கில்தான். அதைக்கூட மிச்சம் பிடித்துச் செய்த கருவிகளுக்குப் பவர் பேங்கின் சி போர்ட் மின்சாரமே தராது. ஏ போர்ட் அப்படி எதையும் கேட்பதில்லை, மாட்டியவுடன் 5 வோல்ட் தந்துவிடும். எனவே பவர் பேங்க் வாங்கும்போது ஒரு ஏ போர்ட்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். சி மட்டும் வைத்து வரும் மெல்லிய மாடல்கள் பார்க்க அழகு. புயல் நேரத்து டார்ச்சுக்கு உதவாது.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கொஞ்சம் சொல்லவேண்டும். போன் பெட்டியில் 67 வாட், 80 வாட் என்று போட்டிருக்கும். அந்த வேகம் அந்த நிறுவனத்தின் சொந்த முறையில், அவர்கள் சார்ஜரில் மட்டுமே வரும். பொதுவான முறை யுஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக 'பிடி' (PD). பவர் பேங்க் எதிலும் பிடி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு அதிலும் பிபிஎஸ் என்ற உட்பிரிவு வேண்டும். அது இல்லையென்றால் பழைய வேகத்தில்தான் ஏறும். இரண்டு போனை ஒரே நேரத்தில் மாட்டினால் பல பவர் பேங்குகள் இரண்டுக்கும் சாதாரண 5 வோல்டுக்கு இறங்கிவிடும், அதுவும் இயல்புதான். வேகமாக ஏற்றினால் சூடு அதிகம், சூடு அதிகமானால் வீணாவதும் அதிகம். கரண்ட் இல்லாத நாளில் அவசரம் இல்லாவிட்டால் மெதுவாகவே ஏற்றுங்கள். ஒயர்லெஸ் சார்ஜிங் உள்ள பவர் பேங்கில் வீண் இன்னும் அதிகம். ஊரில் கரண்ட் இருக்கும் நாளில் வசதி, இல்லாத நாளில் கேபிளே நல்லது.

இனி புயல். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஜெனரேட்டர் இருந்த இடத்தைத் தேடிப்போய்த்தான் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். அப்படி ஒரு நிலையை எந்தப் பவர் பேங்கும் முழுதாகத் தாங்காது. முதல் மூன்று நாலு நாளைத் தாண்ட வைப்பதுதான் அதன் வேலை. அந்த நாட்களில்தான் உறவினரிடம் 'நல்லா இருக்கோம்' என்று சொல்வதும், ஆம்புலன்ஸுக்குப் பேசுவதும் நடக்கிறது என்பதால் அந்த வேலை சின்ன வேலை அல்ல.

ஒரு வீட்டுக் கணக்குப் போடுவோம். இரண்டு ஸ்மார்ட்போன், ஒரு பட்டன் போன், ஒரு சார்ஜ் டார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனமாகப் பயன்படுத்தினால் ஸ்மார்ட்போன் ஒவ்வொன்றும் நாளுக்குப் பாதிப் பேட்டரி குடிக்கும். பவர் பேங்க் பக்கம் அது 11 வாட்-அவர், இரண்டுக்கும் 22. பட்டன் போனுக்கும் டார்ச்சுக்கும் சேர்த்து நாளுக்கு மூன்று நாலு. ஆக நாளுக்கு 25 அல்லது 26. உங்களிடம் இருப்பது வெளியே தருவது 63. போன்களில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜையும் சேர்த்தால் நாலாவது நாளைத் தொடலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் பெரியதாக ஒன்று வாங்குவதைவிட, நல்ல 10000 எம்ஏஎச் ஒன்றைக் கூடுதலாக வாங்குங்கள். ஒன்று நனைந்தாலோ பழுதானாலோ இன்னொன்று இருக்கும். ஒருவர் முகாமுக்கும் ஒருவர் வீட்டுக்கும் எனப் பிரிய நேர்ந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டாவதை வாங்கும்போது, எவ்வளவு தரும் என்பதோடு எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதையும் பாருங்கள். இதை யாருமே கவனிப்பதில்லை, புயல் பகுதிக்காரர்களுக்கு இதுதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம். கரண்ட் வர ஆரம்பித்த புதிதில் ஒரு மணி நேரம் வரும், போகும். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் ஓடும். உள்ளே வாங்கும் வேகம் 10 வாட் மட்டும் உள்ள 20000 எம்ஏஎச் நிரம்ப ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும். 30 வாட் வாங்கக்கூடிய 10000 எம்ஏஎச் அதே இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். பெட்டியில் 'இன்புட்' என்ற வரியில் இது இருக்கும். அதற்கேற்ற பிடி சார்ஜரும் கையில் இருக்கவேண்டும். பழைய 5 வாட் சார்ஜரில் மாட்டிவிட்டுப் பவர் பேங்கைக் குறை சொல்லக்கூடாது.

முதுகில் சின்ன சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்குகள் 'புயலுக்கு ஏற்றது' என்று விற்கப்படுகின்றன. உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலும் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் தராது. 10000 எம்ஏஎச்சின் 37 வாட்-அவரை நிரப்ப நாலைந்து நாள் வெயிலில் கிடக்கவேண்டும். அந்த வெயிலில் உள்ளே இருக்கும் செல் சூடாகிக் கெடும். புயலுக்கு அடுத்த நாள் வானம் மூடிக்கிடக்கும். சூரிய ஒளி வேண்டும் என்றால் மடக்கி விரிக்கும் 20 வாட்டுக்கு மேற்பட்ட தனித் தகடு வாங்கி, தகட்டை வெயிலிலும் பவர் பேங்கை நிழலிலும் வையுங்கள். வீட்டில் டிராக்டரோ காரோ இருந்தால் அதன் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் யுஎஸ்பி சார்ஜர் அதைவிட நம்பகமானது. கார் பேட்டரி பவர் பேங்கைவிடப் பல மடங்கு பெரியது. வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜைச் சேமிப்பதும் சார்ஜ் ஏற்றுவதற்குச் சமம். செல்போன் கோபுரங்களும் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடுகின்றன, அவையும் தீரும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித்தேடியே பேட்டரியை உறிஞ்சிவிடும். எனவே சிக்னல் இல்லையென்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் பேசிவைத்த நேரத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பட்டன் போனை மட்டும் எப்போதும் திறந்தே வையுங்கள். அது ஒரு ஸ்மார்ட்போனின் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் பல நாள் நிற்கும். உங்கள் வீட்டுத் தொடர்பு எண் அதுவாகவே இருக்கட்டும். காலியான போனை நூறு வரை ஏற்றாமல் எண்பதில் எடுத்துவிடுங்கள். கடைசி இருபது பங்கு மெதுவாக ஏறும், அவ்வளவு நேரமும் பவர் பேங்கின் சர்க்யூட் தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

பவர் பேங்கை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, புயல் எச்சரிக்கை வந்த அன்று எடுத்துப் பார்த்தால் காலியாக இருக்கும். தானாகவே மெல்ல இறங்கும் குணம் எல்லா செல்லுக்கும் உண்டு. பொதுவாகப் பாதி சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது செல்லின் ஆயுளுக்கு நல்லது. ஆனால் உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழு சார்ஜில் வையுங்கள். ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்று மாதத்துக்குத்தானே வாங்கினீர்கள். 300 முதல் 500 தடவை முழுதாக ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது சாதாரணச் செல்களுக்கான பொதுக் கணக்கு. தினமும் பயன்படுத்துகிறவருக்குத்தான் அது கவலை.

சூட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சித்திரை வெயிலில் கதவு மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும்; ஸ்கூட்டர் டிக்கியும் அப்படித்தான். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. வண்டியில் விட்டு வைக்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், தூங்கும்போது மெத்தை மேல் ஏற்றாதீர்கள். தரையிலோ சிமெண்டுத் திட்டிலோ வைத்து ஏற்றுவது நல்லது. வெள்ளத்தில் முழுகியதைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தவேண்டாம். உள்ளே துரு பிடித்து, வாரங்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம். கூடு உப்பிவிட்டது, இனிப்பு நெடி அடிக்கிறது, ஒன்றும் மாட்டாமலே சூடாகிறது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அத்தோடு நிறுத்திவிடுங்கள். குத்திப் பார்ப்பது, அழுத்திச் சமமாக்குவது வேண்டவே வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எரியத் தொடங்கிவிட்டால் ஆட்களை விலக்கிவிட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். நெருப்பை அணைப்பதோடு பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவாமல் குளிரவைப்பதும் தண்ணீர்தான்.

பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பவர்கோர் 10000, ஏ1263 மாடலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயத்துக்காக 2025 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆனால் நல்ல நிறுவனத்திடம் வாங்கியதன் பலன் அங்கேதான் தெரிகிறது. மாடல் எண்ணைப் பார்த்து 'இது ஆபத்து, தருகிறோம் வேறு' என்று சொல்ல ஒருவர் இருந்தார். பெயரில்லாத பெட்டிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்கு பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். முத்திரைக்குக் கீழே 'R' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

கடைசியாக அண்ணன் கொண்டுவருவது. கொண்டுவரலாம், விதிகள் தெரிந்திருக்கவேண்டும். விமானத்திலும் கணக்கு வாட்-அவரில்தான். 100 வாட்-அவர் வரை பொதுவாக முன் அனுமதி தேவையில்லை, 3.7 வோல்டில் அது 27000 எம்ஏஎச். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுவரவே முடியாது. நீங்கள் பார்த்த 50000 எம்ஏஎச் உண்மையாகவே 185 வாட்-அவர் என்றால் அது விமானம் ஏறாது. அளவு எதுவானாலும் கைப்பையில்தான் வைக்கவேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டிக்குள் வைத்தால் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். காரணம் எளியது: கேபினில் புகை வந்தால் ஆட்கள் பார்த்து அணைக்கலாம், கீழே அறையில் முடியாது.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று, தலைக்கு மேல் பெட்டி வைக்கும் தட்டில் தொடங்கிய தீயில் எரிந்தது. பவர் பேங்க் மீது சந்தேகம் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். அதன் பிறகு பல நாடுகள் விதிகளை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கால் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதையும், இருக்கையில் உள்ள யுஎஸ்பியில் பவர் பேங்கைச் சார்ஜ் செய்வதையும் தடுத்துவிட்டன. உங்கள் அண்ணன் திருச்சிக்கு ஸ்கூட்டில் வருவதானால் இது அவருக்குப் பொருந்தும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போட்ட நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். வாட்-அவர் அளவு அழிந்துபோன, ஸ்டிக்கர் கிழிந்த பழைய பவர் பேங்கை எடுத்துவரவேண்டாம். அளவு தெரியாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை பரிசோதகருக்கு உண்டு. பையில் சாவி, சில்லறை இவற்றோடு உரசாமல் தனி உறையில் போட்டு, தலைக்கு மேல் தட்டில் ஏற்றாமல், காலடியிலோ முன் இருக்கைப் பையிலோ கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு வரட்டும்.